ஏழாவது டைல்

திருப்பதி
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள செங்கமலம் அக்காவுக்கு,

தம்பி லோகேஸ்வரன் எழுதுவது. நான் நலம். நீயும் நைனாவும் ரக்ஷிதாவும் நலமா?

கால்பந்து முகாமில் சேர்ந்த அன்றே எங்கள் போன்களை வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் நரசிம்மன் சார் ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டு, பெயர் எழுதி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். போன வருஷம் வரை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் திருப்பித் தருவார்கள். இந்த வருஷம் அதுவும் இல்லை. மார்ச்சில் லீக் முடியும்வரை கடிதம் மட்டும்தான். அணியின் ரகசியம் வெளியே போகாமல் இருக்க, போகிற கடிதம், வருகிற கடிதம் இரண்டையும் சார் படிப்பார். யாரும் பார்க்க வரவும் கூடாது.

மொத்தம் பதினாலு விதிகள். ஒன்பதாவதை மட்டும் சொல்கிறேன். ஆட்டக்காரர்கள் தங்கள் உடல்நிலையைப் பற்றி எழுதும்போது ‘நலம்’ என்று மட்டுமே எழுத வேண்டும். காயம் கம்பெனிக்குச் சொந்தமான தகவலாம்.

ஏர்பேட்டில் எங்கள் டைல்ஸ் பேக்டரி வாசலில் ஒரு சுவர் இருக்கிறது. பத்துப் பெரிய டைல்களுக்கு இடம். ஒவ்வொன்றிலும் வருஷம், ‘சாம்பியன்’, ஆட்டக்காரர்களின் பெயர்கள், எல்லாம் தெலுங்கில். ஆறு ஒட்டியாகிவிட்டது. 2021இல் கொரோனாவால் லீக்கே நடக்கவில்லை. ஆனால் டைல் முன்பே சுட்டாகிவிட்டது என்பதால் அந்த வருஷமும் நாங்கள்தான் சாம்பியன். 2025க்கான டைலும் போன வாரம் சூளையிலிருந்து வந்துவிட்டது. நாலாவது வரியில் என் பெயர் இருக்கிறது. ஜெயிப்பதும் ஓர் உற்பத்தி முறைதான், முறை சரியாக இருந்தால் வருஷத்துக்கு ஒன்று ஒரே அளவில் வந்துகொண்டே இருக்கும் என்று சேர்மன் சொல்கிறார்.

எனக்கு வேண்டியது பத்து அல்ல. ஏழு. ஏழு முறை சாம்பியன் அணியில் இருந்தவனுக்கு பேக்டரியில் நிரந்தர வேலை என்பது கம்பெனி ஆர்டர். எனக்கு ஆறு ஆகிவிட்டது. முப்பத்தி நாலு வயதும் ஆகிவிட்டது. முப்பத்தைந்தில் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். பத்தாவது பெயிலான எனக்குப் பந்தும் கரும்பு வெட்டுவதும் தவிர வேறொன்றும் தெரியாது என்பது உனக்கே தெரியும். ரக்ஷிதாவிடம் சொல். குழந்தை பிறந்த கையோடு அதன் அப்பன் நிரந்தர ஊழியன்.

அன்புடன்,
லோகேஸ்வரன்

(கீழே பென்சிலில்: படித்தேன். ந.)


கங்காதர நெல்லூர் மண்டலம்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய். ஒன்பதாவது விதியைப் படித்தபிறகு அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நரசிம்மன் சாருக்கும் என் வணக்கம். கடிதத்தைப் படிக்கிறவரை விசாரிக்காமல் விடுவது மரியாதையாக இருக்காது. அவர் வீட்டிலும் எல்லோரும் நலமா?

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் தமிழ் மீடியத்தில் பதினோரு பிள்ளைகள். ஓர் அணிக்குச் சரியாக இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஜுரம் வந்தால் நானே இறங்க வேண்டும்.

உன் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். பெற்ற பிள்ளையின் கடிதம் என்பதால் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏழு வருசம் ஒருத்தனே ஜெயிச்சுக்கினு இருந்தா, எதுத்தாப்ல ஆட எவன்டா வருவான்?” என்றார். அதற்குத்தான் லீக் இருக்கிறது என்று விளக்கினேன். “ஊருல இருக்கிற சேவலையெல்லாம் அடிச்சுப்போட்ட சேவலை இன்னா பண்ணுவாங்க, தெரியுமா? கொழம்பு வெப்பாங்க. அதுக்கு வேற இன்னா வேலை கீது?” என்று சொல்லிவிட்டு வேர்க்கடலைக் காட்டுக்குக் கிளம்பிப் போனார்.

ரக்ஷிதாவுக்கு மூன்று மாதம். வாந்தி நிற்கவில்லை. குழந்தைக்குப் பெயரை இப்போதே யோசிக்கலாமா என்று கேட்டேன். “அவுரு கையில ஆர்டர் வர்ற அன்னிக்குத்தான் பேரு வெப்பேன், அண்ணி. அதுவரைக்கும் பாப்பான்னே கூப்டலாம்” என்கிறாள். பிடிவாதத்தில் உன்னையே மிஞ்சிவிடுவாள்.

ஆசிகளுடன்,
செங்கமலம்


திருப்பதி
3 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நைனாவின் இருமல் நின்றதா? ரக்ஷிதா துன்னுவது வயிற்றில் நிற்கிறதா?

நைனாவின் சேவலை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுக்கும் சின்னப்பனிடம் மட்டும் சொன்னேன். அவன்தான் எங்கள் கோல்கீப்பர், காணிப்பாக்கத்துக்காரன். என்னைவிட மூன்று வருஷம் முந்தி, இந்த ஏழு முறை ஆர்டர் வருவதற்கு முன்பே சேர்ந்தவன், அதனால் நிரந்தரமாகிவிட்டான். மாதம் ஒரு நாள் லீவும் உண்டு. ஆறு வருஷமாகத் தினமும் சாயங்காலம் நான் அவனுக்கு இருபது பெனால்ட்டி அடிக்கிறேன். நான் எப்போதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் அடிப்பேன். அவனும் அந்தப் பக்கமே பாய்ந்து பதினெட்டைப் பிடித்துவிடுவான். “நீ மட்டும் எதிரி டீம்ல இருந்தா எனக்கு எம்மாம் நிம்மதியா இருக்கும்!” என்பான். சேவல் கதையைக் கேட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

விஷயம் இதுதான். போன மூன்று ஆட்டங்களில் 9-0, 11-0, 8-0 என்று ஜெயித்தோம். எதிரணியில் எவனாவது நன்றாக ஆடுவது கண்ணில் பட்டால் அடுத்த வருஷம் அவன் எங்கள் பெஞ்சில் இருப்பான். இப்போது நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். பதினோரு பேர் ஆடுகிறோம். மற்றவர்கள் வேறெங்கும் ஆடாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறார்கள். அதில் சிலர் மிகுந்த திறமைசாலிகள். கடைசி ஆட்டத்தைப் பார்க்க இருபது பேர் வந்தார்கள். அதில் எட்டுப் பேர் கடலை விற்கிறவர்கள். சேர்மன் கோபமாகி, எதிரணி ஏன் ஒழுங்காக ஆடவில்லை என்று எங்களிடம் விளக்கம் கேட்டார்.

ஆறு அணிகளுக்குக் குறைந்தால் லீக் கிடையாது என்பது விதி. இருப்பது ஆறு. நேற்று சித்தூர் மாம்பழக் கூழ் கம்பெனி அணி விலகப்போவதாகச் சொல்லிவிட்டது. அவர்கள் போனால் லீக் இல்லை. லீக் இல்லையென்றால் ஏழாவது இல்லை. நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை, அக்கா. ஆனாலும் நலம்.

அன்புடன்,
லோகேஸ்வரன்

(கீழே பென்சிலில்: சோறு பற்றி எழுதுவதும் ஒன்பதாவது விதியில் வரும். இந்த முறை விட்டேன். ந.)


கங்காதர நெல்லூர் மண்டலம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். சாப்பிடு. நரசிம்மன் சாரின் பெருந்தன்மைக்கு நன்றி. பென்சில் எழுத்து மிக அழகு.

போன வாரம் பிள்ளைகளைச் சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். விஜயநகரத்து ராஜாக்கள் தலைக்கோட்டையில் தோற்றபிறகு தலைநகரைப் பெனுகொண்டாவுக்கு மாற்றினார்கள். பிறகு சந்திரகிரி. அதற்கும் பிறகு வேலூர். ஒவ்வொரு முறையும் சிம்மாசனத்தை வண்டியில் ஏற்றித் தெற்கே இறக்கி வைத்துவிட்டு, சாம்ராஜ்யம் நன்றாகவே இருக்கிறது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஒரு பிள்ளை கேட்டாள்: “டீச்சர், கடைசியா அந்த ராஜா யாருகிட்ட சண்டை போட்டாரு?” யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சொந்தக்காரர்களிடம்தான். அவளிடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

உனக்குச் சொல்ல வந்தது வேறு. லீக் இல்லாமல் போனாலும் நீ இருப்பாய். இதை நான் எழுதுவது சுலபம் என்று எனக்கும் தெரிகிறது. ரக்ஷிதா தினமும் தபால்காரரின் சைக்கிள் பெல்லுக்கு எழுந்து நிற்கிறாள். உட்கார் என்றால் கேட்பதில்லை.

ஆசிகளுடன்,
செங்கமலம்


திருப்பதி
14 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

லீக் பிழைத்துவிட்டது. கூழ் கம்பெனி அணியை டைல்ஸ் கம்பெனியே நடத்தப்போகிறது. சாப்பாடு, தங்குவது எல்லாம் இதே ஹாஸ்டலில், மேல்மாடியில். அவர்களிடம் ஐந்து பேர்தான் மிச்சம். அதில் இரண்டு பேர் மாம்பழம் தரம் பிரிக்கிறவர்கள். அதனால் எங்களிலிருந்து ஆறு பேரை இரவல் கொடுக்கிறார்கள். யார் யார் என்று திங்கட்கிழமை நரசிம்மன் சார் படித்தார். ஆறாவது பெயர் என்னுடையது.

மஞ்சள் ஜெர்சியைக் கையில் கொடுத்தார். “ஏமய்யா லோகா, முகத்தைத் தொங்கப் போடாதே. எதிரி இல்லாம ஜெயிக்க முடியாது. எதிரியா இருக்கிறதும் கம்பெனி வேலைதான்” என்றார். “சார், என் ஏழாவது?” என்று கேட்டேன். அறையின் கதவைச் சாத்திவிட்டு ▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇

ஆகையால் நீ கவலைப்படாதே. காரணத்தை எழுதக்கூடாது.

இன்னொரு விதி வந்திருக்கிறது. ஆட்டம் பேசி வைத்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால், இரண்டு அணிகளும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பேசினால் இருவருக்கும் வேலை போகும். ஆறு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்த சின்னப்பனை இப்போது மாடிப்படியில் பார்க்கிறேன். அவன் என் செருப்பைப் பார்க்கிறான், நான் அவன் செருப்பைப் பார்க்கிறேன்.

லோகேஸ்வரன்

(கீழே பென்சிலில்: இரண்டு வரி அழித்தேன். ந.)


கங்காதர நெல்லூர் மண்டலம்
24 நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ?

அழித்த இரண்டு வரிகளையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நரசிம்மன் சார் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல.

ஆறு வருஷம் உழைத்தவனைப் பழைய பந்தைப்போல் பக்கத்து வீட்டு மாடியில் எறிந்துவிட்டார்கள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். கவலைப்படாதே என்று நீ எழுதியிருப்பது ரக்ஷிதாவுக்காக என்றும் புரிந்தது. அவள் நம்பிவிட்டாள். “அவுரே சொல்றாரே, அண்ணி” என்கிறாள். நைனா நம்பவில்லை. கரும்பு வெட்டும் கத்தி இரண்டையும் சாணை பிடித்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறார். இரண்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உடனே பதில் போடு.

செங்கமலம்


கங்காதர நெல்லூர் மண்டலம்
30 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நரசிம்மன் சாருக்கு: அவன் எழுதாமல் இருக்கிறானா, எழுதியது வராமல் இருக்கிறதா என்பதை மட்டும் பென்சிலில் தெரிவித்தால் போதும்.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கம் போய் வந்தேன். வேறு ஒரு வேலையும் இருந்தது. வரசித்தி விநாயகருக்கு உன் பெயரில் தேங்காய் உடைத்தேன். கோயிலில் நல்ல கூட்டம். குளத்தில் முழுகி ஈரத்துணியோடு நின்று ஒருவர் ஏதோ வயல் வரப்பு விஷயமாகச் சத்தியம் செய்தார். செய்தபிறகு அவர் முகம் செய்வதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாக இருந்தது.

ரக்ஷிதாவுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டோம். உன்னை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னாள். மூன்று தரம் சொன்னாள்.

செங்கமலம்


திருப்பதி
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நான் நலம். நான் நலம். மூன்று தரம் எழுதியிருக்கிறேன், புரிந்துகொள். பொங்கல் நல்லபடி நடந்ததா?

எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. கட்டிலில் இருந்தபடி எழுத முடியவில்லை. இப்போது எழுந்து நடக்கிறேன்.

இங்கே யாரும் திட்டமிடாத ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. கூழ் அணி ஜெயிக்கிறது. என்னோடு இரவல் வந்த ஐந்து பேரும் மூன்று நாலு வருஷமாகப் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்கள். பந்தைப் பார்த்ததும் பசியோடு பாய்கிறார்கள். மாம்பழம் தரம் பிரிக்கிறவர்கள்கூட அவர்களைப் பார்த்து ஓடுகிறார்கள். மற்ற நாலு அணிகளில் ஆள் இல்லை. கணக்குப்படி இறுதி ஆட்டம் எங்களுக்கும் டைல்ஸுக்கும்தான் வரும்.

‘எங்களுக்கும்’ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

சேர்மனுக்கு முதலில் மகிழ்ச்சிதான். “ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க. யாரு ஜெயிச்சாலும் நாமதானே?” என்றாராம். பிறகு, சுட்டு வைத்த டைலில் எந்த அணியின் ஆட்டக்காரர்கள் பெயர் இருக்கிறது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். அன்றிலிருந்து மேல்மாடிக்கு முட்டை வருவதில்லை.

எனக்காக வேண்டிக்கொள், அக்கா. எதற்காக என்று எழுத முடியாது. டைல்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்.

லோகேஸ்வரன்

(கீழே பென்சிலில்: கடைசி வரி நன்று. ந.)


கங்காதர நெல்லூர் மண்டலம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுக் காலை சித்தூர் ஆஸ்பத்திரியில் உனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் குழந்தையும் நலம். இந்த ‘நலம்’ நிஜம், நானே பார்த்தேன். எடை இரண்டே முக்கால் கிலோ. காது உன்னுடையது, பாவம்.

பெயர் எழுத நர்ஸ் நோட்டோடு வந்தபோது ரக்ஷிதா “ஆர்டர் வந்ததும் சொல்றோம்” என்றாள். நர்ஸுக்கு என்ன ஆர்டர் என்று புரியவில்லை. நான் விளக்கவில்லை.

டைல்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னாய். சாருக்காக எழுதிய வரி அது என்று எடுத்துக்கொண்டேன். உன்னை வேண்டாம் என்று ஒதுக்கியவர்களுக்காக நான் ஏன் வேண்டிக்கொள்ள வேண்டும்? நீ ஒரு கோல் போடுவாய். எல்லோரும் பார்க்கும்படி போடுவாய். என் மனதுக்கு அது நிச்சயமாகத் தெரிகிறது.

ஆசிகளுடன்,
செங்கமலம்


காணிப்பாக்கம்
4 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். எல்லோரும் நலமா? குழந்தை எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தில் பென்சில் எழுத்து இருக்காது. கோயில் கடைத்தெருவில் கவர் வாங்கி நானே பெட்டியில் போடுகிறேன். அதனால் நவம்பரில் அழித்த இரண்டு வரியை முதலில் எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டு நரசிம்மன் சார் சொன்னது: “நுவ்வு மன மனிஷிவே. நீ எங்க ஆள்தான். ரிஜிஸ்டர்ல உன் பேரு டைல்ஸ்லதான் இருக்கு. டைல்ஸ் ஜெயிச்சா அது உனக்கும் ஏழாவது. யாருக்கும் சொல்லாதே, மத்த அஞ்சு பேரும் கேப்பாங்க. மேல இருந்துக்கினே நம்மளுக்கு என்ன பண்ணணுமோ அதை உன் மனசே சொல்லும்.”

ஆக, நான் தோற்றால்தான் எனக்கு வேலை. நவம்பரிலிருந்து இதை வயிற்றில் வைத்துக்கொண்டு மஞ்சள் ஜெர்சி போட்டேன். மற்ற ஐந்து பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். அவர்கள் கோல் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டபோதெல்லாம் நானும் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். இந்த முறை மூவாயிரம் பேர் வந்திருந்தார்கள். டைல்ஸ் தோற்கலாம் என்று ஊரில் பேச்சு பரவியதால் வந்த கூட்டம். 1-1. பெனால்ட்டி. ஐந்தில் நாலு டைல்ஸ் போட்டது, கடைசியை ஒருவன் மேலே அடித்துவிட்டான். எங்களில் நாலு பேரும் போட்டுவிட்டார்கள். ஐந்தாவது நான். நான் போட்டால் கூழ் சாம்பியன். சின்னப்பன் பிடித்துவிட்டால் சமம், பிறகு எங்களில் அடுத்து அடிக்க வேண்டியவர்கள் மாம்பழக்காரர்கள். டைல்ஸ் ஜெயித்துவிடும்.

யோசிக்க ஒன்றுமே இல்லை. தினமும் அடிப்பதைப்போல் அடித்தால் போதும். தண்ணீர்த் தொட்டிப் பக்கம், அதே உயரம், அதே வேகம். கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பான். பாப்பாவை நினைத்துக்கொண்டு அடித்தேன்.

சின்னப்பன் கொடிக்கம்பப் பக்கம் பாய்ந்தான்.

ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடப் போகாத பக்கம். பந்து வலையில் விழுந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். மூவாயிரம் பேர் கத்தினார்கள். ஐந்து பேரும் என் மேல் விழுந்தார்கள். சின்னப்பன் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு ஏதோ பரிசு கொடுத்தவன்போல் சிரித்தான், அக்கா.

மறுநாளே விசாரணை. அவன் வேண்டுமென்றே மாறிப் பாய்ந்தான் என்று சேர்மன் சொல்கிறார். இன்று காலை எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றி இங்கே கூட்டிவந்தார் நரசிம்மன் சார். “பிள்ளையார் முன்னால பொய் வராது. பேசி வெச்சு ஆடலைன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்லை” என்றார். குளத்தில் இறங்கினோம். முழங்கால் தண்ணீருக்கு மேல் சின்னப்பன் ஓர் அடி வைக்கவில்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கரையில், கோயில் வாசல் தேங்காய்க் கடையிலிருந்து ஓடிவந்த அவன் மனைவி சுந்தரம்மா நின்றாள். அவன் பொய்ச் சத்தியம் செய்கிறவன் அல்ல. உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு பேர் துன்னும் வீட்டில் உலை எரியாது.

“சார், சத்தியம் வேணாம். குத்தம் என்னுதுன்னு எழுதிக்கோங்க. அவனை வுட்டுடுங்க” என்றேன்.

சாருக்கு அது போதுமாக இருந்தது. பைலுக்கு ஒரு பெயர்தான் வேண்டும். கதவைச் சாத்திச் சொன்னதை நான் எங்கேயும் சொல்லவில்லையே என்ற நிம்மதியும் அவர் முகத்தில் தெரிந்தது. அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் போனைத் துணிப்பையோடு கொடுத்துவிட்டார்.

ஜீப் போனபிறகு சின்னப்பனைப் பிடித்து உலுக்கினேன். “ஏன்டா அந்தப் பக்கம் போனே?” என்றேன். “உங்க அக்காவைக் கேளு” என்றான். சுந்தரம்மாவோடு கடைக்குப் போய்விட்டான்.

கேட்கிறேன்.

லோகேஸ்வரன்


கங்காதர நெல்லூர் மண்டலம்
8 மார்ச் 2025

தம்பிக்கு,

போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் காணிப்பாக்கம் போன அந்த வேறு வேலை இதுதான். அன்று சின்னப்பனுக்கு லீவு என்று சுந்தரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, மேல்மாடி விஷயம் கீழே தெரியாது என்றான். “டைல்ஸ்காரங்க கிட்ட அவனுக்கு இனிமே ஒண்ணும் இல்லப்பா. நீங்க எதிரெதிரா ஆடற அன்னிக்கு அவன் ஒரு கோல் போடட்டும். கூழ் கம்பெனியாவது அவன் பேரைத் தெரிஞ்சுக்கட்டும்” என்றேன். அவன் அருகம்புல்லைக் கிள்ளிப் போட்டபடி, “லோகா எந்தப் பக்கம் அடிப்பான்னு எனக்குத் தெரியும், அக்கா. அந்தப் பக்கம் போவாம இருந்தா ஆச்சு” என்றான். தன் வேலையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கவலைப்படாதே என்று நீ எழுதினாய். ஜெயிக்க வேண்டிக்கொள் என்று எழுதினாய். இரண்டையும் படித்துவிட்டு எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறவள் நான்.

யாரும் திருத்தாத கடிதத்திலும் ‘நான் நலம்’ என்றே எழுதியிருக்கிறாய். கோபமாக இருந்தால் அதையாவது எழுது. வா.

செங்கமலம்


சித்தூர்
24 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை. வலது முழங்கால் மடங்கவில்லை. நவம்பர் கடைசியில் உள்ளே ஏதோ அறுந்தது. ஆறு வாரம் கட்டிலில் கிடந்தேன், பிறகு ஊசி போட்டு ஆட வைத்தார்கள். டாக்டர் இனி குனிந்து எந்த வேலையும் செய்ய முடியாது என்கிறார். அந்த இரண்டாவது கத்தியைப் பற்றி நைனாவிடம் நீயே சொல்லிவிடு.

வீட்டுக்கு அரை மணி பஸ் தூரத்தில், கூழ் கம்பெனி ஷெட்டில் இருபது நாளாக இருக்கிறேன். கம்பெனி அணியைக் கலைத்துவிட்டது. சாம்பியனாக இருக்கும்போதே நிறுத்திக்கொள்வதுதான் கௌரவம் என்று முதலாளி சொன்னார். மஞ்சள் ஜெர்சிகள் மெஷின் துடைக்கப் போய்விட்டன. மே மாதம் மாம்பழம் தரம் பிரிக்க வரலாம் என்றார்கள். இரண்டு மாத வேலை. முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும்.

டைல்ஸ் கம்பெனியின் விசாரணை அறிக்கை வந்துவிட்டதாம். எதிரணிகள் இருந்ததே தோல்விக்குக் காரணம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மற்ற ஐந்து அணிகளிலும் ஆடத் தெரிந்தவர்கள் எல்லோரையும் வாங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் லீக்குக்கு டைல்ஸைத் தவிர யாரும் பெயர் கொடுக்கவில்லை. 2026க்கான டைலை ஒட்டப்போகிறார்களாம்.

ஒட்டாத 2025 டைலை நரசிம்மன் சார் சின்னப்பனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்டோரில் இடத்தை அடைக்கிறதாம். வாங்கி வைத்திருக்கிறேன். 2025, சாம்பியன், நாலாவது வரியில் லோகேஸ்வரன். தோற்ற அணிக்காகச் சுட்ட அந்த டைலில், ஜெயித்த கூழ் அணியில் ஆடிய என் வரி மட்டும்தான் பொய் இல்லை.

கோபமா என்று கேட்டாய். உன் கடிதத்தைத் தினமும் படிக்கிறேன். சில நாள் கோபம் வருகிறது. சில நாள், அவன் பிடித்திருந்தால் மட்டும் நான் எந்த முகத்தோடு வேலைக்குப் போயிருப்பேன் என்று தோன்றுகிறது. ஆனால் போயிருப்பேன், அக்கா. பாப்பாவுக்காகப் போயிருப்பேன். அதுதான் தூங்க விடுவதில்லை.

ரக்ஷிதாவிடம் ஆர்டர் வராது என்று சொல்லிவிடு. காத்திருக்க வேண்டாம், குழந்தைக்குப் பெயர் வைத்துவிடுங்கள். அவளுக்குப் பிடித்த எந்தப் பெயரானாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை உகாதி அன்று காலை பஸ்ஸில் வருகிறேன். வாசலிலேயே நிறுத்தி “நல்லா கீறியா?” என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். ஏழு மாதமாக ஒரே பதிலை எழுதி எழுதிப் பழகிவிட்டது. கேட்டால் அதையே சொல்லிவிடுவேன்.

லோகேஸ்வரன்